கண்விழிக்காத மடிக்கணினி

நுழையும்முன்

இயங்காத கருவியைக் கண்டதும் 'கெட்டுவிட்டது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. எந்த உறுப்பு கெட்டது, இயக்கம் எந்த இடத்தில் நின்றது, எதனால் நின்றது என்று வரிசையாகக் கேட்பதற்குப் பொறுமை வேண்டும். அப்பொறுமை, சில வேளைகளில் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு நினைவுகளையே காப்பாற்றித் தரும். தொடங்க மறுக்கும் மடிக்கணினியின் பழுதை முறையாகக் கண்டறியும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

வெள்ளம் வடிந்தபின்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலப்பதற்கு முன்னர்க் கடந்து செல்லும் ஊர்களுள் ஒன்று ஏரல். முத்துக்குப் புகழ்பெற்ற பாண்டியர் துறைமுகமான கொற்கை இவ்வூருக்கு அருகில் உள்ளது. நெல்லும் வாழையும் விளையும் வயல்கள் சூழ்ந்த ஏரல், சுற்றியுள்ள சிற்றூர்களுக்கெல்லாம் கடைவீதியாக விளங்குகிறது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழை இவ்வட்டாரத்தையே உலுக்கியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. பெருக்கெடுத்த வெள்ளம் ஏரலின் தெருக்களிலும் கடைவீதியிலும் புகுந்தது. ஆற்றுப்பாலம் சேதமுற்றதால் போக்குவரத்துத் துண்டிக்கப்பட்டது.

இத்தகைய வெள்ளம் வடிந்தபின், சேறு படிந்த பொருள்களைக் கழுவிக் காயவைக்கும் பணி வீடுதோறும் தொடங்கும். பாத்திரத்தைக் கழுவினால் மீண்டும் பயன்படும். பாயும் துணியும் வெயிலில் உலரும். மடிக்கணினியோ அத்தகையது அன்று. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களின் இல்லங்களுக்கும் மடிக்கணினி சென்று சேர்ந்தது. பல வீடுகளில் அதுவே முதற்கணினி. மாணவர்களின் பாடக்குறிப்புகள், கல்விச் சான்றுகளின் படிகள், திருமண ஒளிப்படங்கள், சிறு வணிகரின் கடைக்கணக்கு என ஒரு குடும்பத்தின் ஆவணப் பேழையாகவே அது மாறிவிடுகிறது.

நனைந்த மடிக்கணினியைக் கண்டதும், 'இயங்குகிறதா என்று பார்ப்போமே' என்று விரல் தானாகவே தொடக்க விசையை நோக்கிச் செல்லும். பிழைத்திருக்கக்கூடிய கணினியை அந்த ஓர் அழுத்தமே அழித்துவிடக்கூடும். அது ஏன் என்று அறிய, நலமான மடிக்கணினி எவ்வாறு கண்விழிக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கால்வாய் காட்டும் வழி

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் இறுதியாக அமைந்தது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அங்கிருந்து வடகால், தென்கால் என இரு கால்வாய்கள் பிரிகின்றன. கால்வாயிலிருந்து குளத்திற்கும், குளத்து மடையிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் நீர் செல்கிறது. கடைமடை வயலுக்கு நீர் வந்து சேரவில்லை என்றால், பட்டறிவுமிக்க உழவர் வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. வாய்க்கால் கரையோடு மேல்நோக்கி நடக்கிறார். நீர் ஓடும் கடைசி இடத்தையும் நீர் ஓடாத முதல் இடத்தையும் காண்கிறார். அடைப்போ உடைப்போ அவ்விரண்டிற்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும்.

மடிக்கணினியின் பழுதைக் கண்டறிவதற்கும் இதுவே முறை. தொடக்க விசையை அழுத்துவது முதல் முகப்புத்திரை தோன்றுவது வரையிலான செயல், ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் மடைகளைப் போன்றது. முந்தைய மடை திறந்தால்தான் அடுத்த மடைக்கு வேலை உண்டு. ஆதலால், கணினி எந்த நிலைவரை வந்து நின்றது என்று தெரிந்தால், பழுது எங்கே இருக்கும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, அதைத் தணிக்கும் வழி இன்னது என்று படிப்படியாக ஆராயவேண்டும் எனத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவருக்குக் கூறும் நெறி, கருவிகளைப் பழுதுநீக்குவோருக்கும் பொருந்துவதாகும்.

தொடங்குதல் என்னும் தொடர்செயல்

கணினி எதைச் செய்யவேண்டுமானாலும் அதற்குரிய கட்டளைத்தொகுப்பு நினைவகத்தில் இருக்கவேண்டும். மின்சாரம் நின்றதும் நினைவகம் வெறுமையாகிவிடும். அப்படியானால், மீண்டும் தொடங்கும்போது முதற்கட்டளையை நினைவகத்தில் ஏற்றுவது யார்? ஏற்றுவதற்கும் ஒரு கட்டளை வேண்டுமே! இப்புதிருக்கு விடையாக அமைந்ததே 'பூட்டிங்' எனப்படும் தொடங்குதல் முறை. தன் காலணியின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளுதல் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரிலிருந்து இச்சொல் பிறந்தது.

தொடக்க விசையை அழுத்தியதும், தாய்ப்பலகையிலுள்ள சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு அதனை உணர்கிறது. மின்னேற்றியோ மின்கலமோ போதிய மின்சாரம் தருகிறதா என்று பார்த்து, ஒவ்வோர் உறுப்பிற்கும் உரிய மின்னழுத்தத்தை வழங்கச் செய்கிறது. இது முதல் நிலை.

மின்சாரம் சீரானதும் மையச் செயலகம் விழித்தெழுந்து, தாய்ப்பலகையில் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ள கட்டளைத்தொகுப்பைப் படிக்கத் தொடங்குகிறது. நிலைபொருள் என்று வழங்கும் இதனை 'பயாஸ்' என்றும், அதன் புதிய வடிவத்தை 'யூ.இ.எஃப்.ஐ.' என்றும் அழைப்பர். மின்சாரம் நின்றாலும் அழியாத சில்லில் இது இருப்பதால், மேற்கண்ட புதிர் இங்கே அவிழ்கிறது. நிலைபொருள், நினைவகம், திரை, விசைப்பலகை முதலியவற்றைத் தானே சோதித்துக்கொள்கிறது. தற்சோதனை எனப்படும் இது இரண்டாம் நிலை.

சோதனை முடிந்ததும், இயக்க அமைப்பு எந்தச் சேமிப்பகத்தில் உள்ளது என்று நிலைபொருள் தேடுகிறது. வன்தட்டிலோ திண்மநிலைச் சேமிப்பகத்திலோ உள்ள தொடக்க ஏற்றியைக் கண்டு, அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. இது மூன்றாம் நிலை. தொடக்க ஏற்றி இயக்க அமைப்பின் கருவை நினைவகத்தில் ஏற்ற, அது ஒவ்வொரு கருவிக்குமுரிய இயக்கிமென்பொருள்களை அழைத்து, இறுதியில் கடவுச்சொல் கேட்கும் திரையைக் காட்டுகிறது. இது நான்காம் நிலை. இவ்வளவும் ஒரு நிமிடத்திற்குள் நிகழ்ந்துவிடுவதால், நான்கு நிலைகள் கடந்தன என்பதே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தெரியுமா?

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் வெளியான ஐ.பி.எம். தனியாள் கணினி, தற்சோதனை நலமாக முடிந்ததும் ஒரே ஒரு குறுகிய ஒலி எழுப்பும். பழுது இருப்பின் ஒலியின் எண்ணிக்கையும் நீளமும் மாறும். திரையே இயங்காதபோதும் கணினி தன் குறையைச் சொல்ல இம்முறை உதவியது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இவ்வொலிக்கு மாற்றாகச் சிறுவிளக்கு குறிப்பிட்ட முறைகள் விட்டுவிட்டு எரிந்து பழுதைச் சுட்டுகிறது. அக்குறியீட்டின் பொருள் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும்.

முதல் நிலை: மின்சாரம்

விசையை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை, எவ்வித ஒலியும் இல்லை என்றால் முதல் நிலையே கடக்கப்படவில்லை என்று பொருள். இங்கு இயக்க அமைப்பையோ நச்சுநிரலையோ ஐயுறுவது வீண். கணினி இன்னும் அவ்வளவு தொலைவு வரவே இல்லை.

சோதனையைச் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். அதே மின்செருகியில் வேறொரு கருவி இயங்குகிறதா என்று பார்க்கலாம். அடுத்தது மின்னேற்றி. வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை, பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு வேண்டிய 19 அல்லது 20 வோல்ட் அளவிலான நேர்த்திசை மின்னோட்டமாக மாற்றித் தருவது அதுவே. அடிக்கடி மடக்கப்படுவதால் அதன் வடம் முனைகளில் உட்புறமாக அறுந்துவிடுவதுண்டு. அதே மின்னழுத்தமும் போதிய மின்னோட்டமும் தரக்கூடிய, நன்கு இயங்கும் வேறொரு மின்னேற்றியைப் பொருத்திப் பார்த்தால் ஐயம் தீரும்.

கடற்கரையை ஒட்டிய ஊர்களில் மற்றொன்றையும் நோக்க வேண்டும். தூத்துக்குடிக் கரை உப்பளங்கள் நிறைந்தது. உப்பும் ஈரமும் கலந்த காற்று, செப்பாலான இணைப்புமுனைகளைச் சிறிது சிறிதாக அரிக்கும். பச்சை நிறப் படிவு தெரியுமாயின் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அறியலாம். முனையில் அரிப்பு இருந்தால் மின்னேற்றி நலமாக இருந்தும் மின்சாரம் உள்ளே செல்லாது.

மின்னேற்றியும் முனையும் நலம் என்றால், எஞ்சியுள்ள மின்னூட்டத்தை நீக்கிப் பார்க்கலாம். மின்னேற்றியை அகற்றி, கழற்றக்கூடியதாயின் மின்கலத்தையும் எடுத்துவிட்டு, தொடக்க விசையை 30 நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். உறுப்புகளில் தேங்கியிருந்த மின்னூட்டம் வடிந்து, குழம்பியிருந்த கட்டுப்பாட்டுச் சில்லு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பின்னர் மின்னேற்றியை மட்டும் இணைத்து இயக்கிப் பார்க்க வேண்டும். மின்கலமின்றி இயங்கி, மின்கலத்தைப் பொருத்தியதும் நின்றுவிடுமானால், குறை மின்கலத்தில் உள்ளது. மின்கலம் உப்பியிருப்பதைக் கண்டால், சோதனையை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். உப்பிய லித்தியம் மின்கலத்தை அழுத்துவதும் குத்துவதும் மின்னேற்றம் செய்வதும் தீப்பற்றக் காரணமாகும்.

ஒவ்வொரு சோதனையிலும் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இங்கு மறக்கக் கூடாத நெறி. மின்னேற்றி, மின்கலம், நினைவகம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றி, கணினி இயங்கிவிட்டால், எது பழுதாயிருந்தது என்பது தெரியாமலே போய்விடும். செய்த மாற்றத்தையும் கண்ட விளைவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது, ஆய்வகக் குறிப்பேட்டைப் போன்று பயன்தரும்.

இரண்டாம் நிலை: திரையும் நினைவகமும்

விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, ஆயினும் திரை இருண்டே இருக்கிறது. இந்நிலையில் 'கணினி இயங்கவில்லை' என்பது சரியான கூற்றன்று; 'திரையில் எதுவும் தெரியவில்லை' என்பதே நாம் உறுதியாக அறிந்தது. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கணினி முழுமையாகத் தொடங்கி, அதைக் காட்டும் திரை மட்டும் பழுதாகியிருக்கலாம்.

இதனைப் பிரித்தறிய எளிய சோதனைகள் உள்ளன. விசைப்பலகையில் பெரிய எழுத்துகளுக்குரிய பூட்டுவிசையை அழுத்தும்போது அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறினால், கணினி உள்ளே இயங்குகிறது என்று கருதலாம். இருண்ட திரையின்மீது கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சும்போது எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால், திரையின் பின்னொளி மட்டுமே பழுது. எச்.டி.எம்.ஐ. வடத்தின் வழியாகத் தொலைக்காட்சியுடன் இணைத்து, அங்கே படம் தெளிவாகத் தெரிந்தால், குறை திரையிலோ திரைக்குச் செல்லும் மெல்லிய வடத்திலோதான் இருக்கிறது.

தொலைக்காட்சியிலும் படம் வரவில்லை, ஒலிக்குறியோ விளக்குக்குறியோ மட்டும் வருகிறது என்றால், அடுத்து நினைவகத்தை நோக்க வேண்டும். தொடங்கும் நேரத்தில் நினைவகம் இல்லாமல் நிலைபொருளால் மேற்செல்ல இயலாது. நினைவகப் பலகை தன் செருகிடத்தில் சற்று நகர்ந்திருந்தாலோ, அதன் பொன்முலாம் பூசிய தொடுமுனைகளில் அழுக்கு படிந்திருந்தாலோ கணினி இந்நிலையிலேயே நின்றுவிடும். மின்னேற்றியையும் மின்கலத்தையும் நீக்கி, உடலிலுள்ள நிலைமின்னூட்டம் நீங்க ஓர் உலோகப் பொருளைத் தொட்டபின், பலகையைக் கழற்றி முனைகளைத் தூய்மை செய்து மீண்டும் பொருத்த வேண்டும். இரண்டு பலகைகள் இருப்பின் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தால் பழுதானது எது எனத் தெளிவாகும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

மூன்றாம் நிலை: சேமிப்பகம்

உற்பத்தி நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றிவிட்டால், முதல் இரண்டு நிலைகளும் பெருமளவு நலம் என்று மன அமைதி கொள்ளலாம். அதன்பின், தொடங்குவதற்குரிய கருவி கிடைக்கவில்லை என்னும் பொருளில் ஒரு செய்தி வருமானால், மூன்றாம் நிலையில் தடை ஏற்பட்டிருக்கிறது.

முதலில், பென் டிரைவ் ஏதேனும் செருகப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். நிலைபொருள் அதனையே இயக்க அமைப்புள்ள கருவியாக எண்ணி, உள்ளே ஒன்றும் இல்லாமல் நின்றிருக்கலாம். பெரிய பழுது என்று அஞ்சப்பட்டது, பென் டிரைவை எடுத்ததும் தீர்ந்துவிடும். அடுத்து, நிலைபொருளின் அமைப்புத்திரைக்குள் செல்ல வேண்டும். தொடங்கும்போது எஃப்2 போன்ற ஒரு விசையை அழுத்தினால் அத்திரை திறக்கும். எந்த விசை என்பது நிறுவனத்திற்கேற்ப மாறும். அங்குள்ள பட்டியலில் சேமிப்பகத்தின் பெயர் காணப்படுகிறதா என்பதே கேள்வி. பெயர் இருந்தால், சேமிப்பகம் இணைப்பில் உள்ளது; அதிலுள்ள கோப்புகளிலோ தொடங்கும் வரிசையிலோதான் குறை. பெயரே இல்லையென்றால், இணைப்போ சேமிப்பகமோ பழுதாகியிருக்கிறது. அத்திரையில் நாளும் நேரமும் ஒவ்வொரு முறையும் தவறாகக் காட்டப்படுமானால், அமைப்புகளை நினைவில் வைத்திருக்க உதவும் சிறிய வட்ட மின்கலம் தீர்ந்துவிட்டது எனலாம். அதன் மின்னழுத்தம் 3 வோல்ட், விலையும் குறைவு.

வன்தட்டிலிருந்து 'டக், டக்' என்று சீரான ஒலி எழுமானால், அது கவலைக்குரிய அறிகுறி. வன்தட்டினுள் சுழலும் தகட்டின்மேல், மனிதத் தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான இடைவெளியில் படிக்கும் முனை மிதந்து செல்கிறது. அம்முனை நிலைதடுமாறித் தகட்டை உரசினால், உரசிய இடத்திலுள்ள தரவு நிலையாக அழியும். 'இன்னும் ஒரு முறை இயக்கிப் பார்ப்போம்' என்னும் ஒவ்வொரு முயற்சியும் அழிவை மிகுவிக்கும். அத்தகைய வன்தட்டை உடனே நிறுத்திவிட்டு, தரவுமீட்பு வல்லுநரை நாடுவதே அறிவுடைமை. திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பகுதி இல்லை. ஆகவே அது ஒலி எழுப்பாமல், முன்னறிவிப்பு இல்லாமலே பழுதாகக்கூடும்.

நான்காம் நிலை: இயக்க அமைப்பு

சின்னம் தோன்றி, வட்டம் சுழன்றுகொண்டே இருத்தல், நீலத்திரை தோன்றுதல், கணினி தானாகவே மீண்டும் மீண்டும் தொடங்குதல் ஆகியவை பெரும்பாலும் நான்காம் நிலையின் குறைகள். இங்குக் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'கடைசியாக என்ன மாறியது?' என்பது. புதிய மென்பொருள் நிறுவப்பட்டதா, இயக்கிமென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா, மின்தடையால் கணினி இடையில் அணைந்ததா என்று நினைவுகூர்ந்தால் விடை அருகில் வரும்.

இதற்கு உலகமே கண்ட சான்று ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட புதுப்பிப்பில் இருந்த பிழையால், விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 85 இலட்சம் என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயண அனுமதிச்சீட்டு கையால் எழுதித் தரப்பட்டது. அக்கணினிகளின் மின்கலமோ நினைவகமோ வன்தட்டோ கெடவில்லை. நான்காம் நிலையில் ஏற்றப்படும் ஒரு கோப்பில் மட்டுமே பிழை. கணினியைப் பாதுகாப்புமுறையில் தொடங்கி, அக்கோப்பை நீக்கியதும் கணினிகள் மீண்டும் இயங்கின.

இன்றியமையாத இயக்கிமென்பொருள்களை மட்டும் ஏற்றி, மற்றவற்றை ஒதுக்கிவைத்துத் தொடங்குவதே பாதுகாப்புமுறை. அம்முறையில் கணினி இயங்கினால், ஒதுக்கப்பட்டவற்றுள் ஒன்றே குற்றவாளி. அதிலும் இயங்காவிட்டால், பென் டிரைவிலிருந்து நேரடியாகத் தொடங்கக்கூடிய வேறோர் இயக்க அமைப்பைப் பயன்படுத்தலாம். சென்னையிலுள்ள சி-டாக் மையம் இந்திய மொழிகளுக்கு ஏற்ப உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் அத்தகைய ஒன்று. பென் டிரைவிலிருந்து கணினி நன்கு இயங்குமானால், மின்சாரம், மையச் செயலகம், நினைவகம், திரை ஆகிய யாவும் நலம் என்பது ஒரே சோதனையில் உறுதியாகிவிடும். அதன் வழியே உள்சேமிப்பகத்தைத் திறந்து, கோப்புகளை வேறிடத்திற்குப் படியெடுக்கவும் இயலும். சேமிப்பகம் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதற்குரிய மீட்புத்திறவுகோல் கையில் இருக்க வேண்டும்.

இங்கு வரிசை மிகவும் முதன்மையானது. இயக்க அமைப்பை அழித்துப் புதிதாக நிறுவுவது எளிய தீர்வாகத் தோன்றும். ஆனால், சேமிப்பகத்திலிருந்த கோப்புகளும் அதனோடு அழிந்துபோகலாம். முதலில் கோப்புகளைப் படியெடுத்தல், பிறகு பழுதுநீக்கல், அதுவும் பயன்தராதபோது புதிதாக நிறுவல் என்பதே முறையாகும்.

தெரிந்து தெளிவோம்

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' கணினி பிழையாக இயங்கியது. காரணத்தைத் தேடியவர்கள், அதன் மின்னிணைப்பு மாற்றி ஒன்றில் சிக்கியிருந்த அந்துப்பூச்சியைக் கண்டெடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். கணிப்பொறி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் இக்குழுவில் பணியாற்றியவர். கருவியின் பிழையைப் 'பூச்சி' எனச் சுட்டும் வழக்கம் பொறியாளரிடையே முன்பே இருந்தது. இந்நிகழ்ச்சி அதனை உலகறியச் செய்தது.

நீரில் நனைந்த கணினி

இனி, ஏரலில் வெள்ளம் வடிந்த வீட்டிற்குத் திரும்பலாம். நனைந்த மடிக்கணினியின் விசையை ஏன் அழுத்தக் கூடாது? தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். வெள்ளநீரோ உப்புகளும் சேறும் கரைந்தது. மின்சாரத்தை எளிதில் கடத்தும். தாய்ப்பலகையின் செப்புத் தடங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக அமைந்தவை. அவற்றிடையே ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால், குறுக்குச்சுற்று ஏற்பட்டுச் சில்லுகள் நொடியில் கருகலாம். குறுக்குச்சுற்று நிகழாவிடினும் மின்னாற்பகுப்பு தொடங்கும். நேர்மின்முனையிலுள்ள உலோகம் கரைந்து, எதிர்மின்முனையில் மெல்லிய இழைகளாகப் படிந்து வளரும். அவ்விழை அடுத்த தடத்தைத் தொடும் நாளில் கணினி நின்றுவிடும். எனவே, கேடு செய்வது நீர் மட்டுமன்று. நீரும் மின்சாரமும் ஒருங்கே சேர்வதே பெருங்கேடு. நீரைத் தடுக்க நம்மால் இயலாமற் போயிருக்கலாம். மின்சாரத்தைத் தடுப்பது நம் கையில் உள்ளது.

ஆதலால், நனைந்த மடிக்கணினியை இயக்கவும் கூடாது, மின்னேற்றவும் கூடாது. வீட்டின் முதன்மை மின்விசையை அணைத்தபின்பே மின்னேற்றியைத் தொட வேண்டும். கழற்றக்கூடிய மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே பொருத்தப்பட்டதாயின் பழுதுநீக்குநரிடம் விரைந்து சேர்ப்பிக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது.

அரிசிப் பானையில் புதைத்துவைத்தால் ஈரம் நீங்கும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. மூடிய கருவிக்குள் இருக்கும் நீரை அரிசி இழுத்துவிடாது. அதன் தூளே உள்ளே புகும். கடும்வெயிலில் காயவைத்தாலும் திரையும் நெகிழிப் பகுதிகளும் கெடும். இன்னொன்றையும் எண்ண வேண்டும். நீர் ஆவியாகும், அதில் கரைந்திருந்த உப்பு ஆவியாகாது. தாய்ப்பலகையில் படிந்த அவ்வுப்பு, காற்றிலுள்ள ஈரத்தை மீண்டும் ஈர்த்துச் செப்பை அரித்துக்கொண்டே இருக்கும். காய்ந்ததும் நன்றாக இயங்கிய கணினி, சில வாரங்களில் நின்றுபோவதற்கு இதுவே காரணம். எனவே, கணினியைப் பிரித்து, காய்ச்சி வடித்த நீராலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலும் சேற்றையும் உப்பையும் நீக்கி, நிழலில் காற்றோட்டமாக முழுமையாக உலர்த்திய பின்னரே இயக்கிப் பார்க்க வேண்டும். இது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய பணி.

கணினி மீளாவிடினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. வன்தட்டில் தரவு காந்தப்பதிவாக உள்ளது. திண்மநிலைச் சேமிப்பகத்தில் மின்னூட்டமாகச் சில்லுக்குள் அடைபட்டுள்ளது. இரண்டையும் நீர் தானாக அழித்துவிடுவதில்லை. தாய்ப்பலகை முற்றும் கெட்ட மடிக்கணினியிலிருந்தும், கழற்றக்கூடிய சேமிப்பகத்தை எடுத்து வேறொரு கணினியில் படிக்க இயலும். சேறு புகுந்த வன்தட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் சுழலவிடாமல் தரவுமீட்பு நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். அவசரத்தில் அழுத்தப்பட்ட விசை கெடுத்துவிடக்கூடியதை, அழுத்தாமல் காத்த பொறுமை மீட்டுத்தரும்.

வருமுன் காத்தல்

பணம் கொடுத்தால் புதிய மடிக்கணினியை வாங்கலாம். மறைந்த பாட்டியின் ஒளிப்படத்தை வாங்க இயலாது. ஆகவே, அரிய கோப்புகளுக்கு மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இருவேறு வகைக் கருவிகளில் இருக்க வேண்டும். ஒரு படியேனும் வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பர் வல்லுநர். இறுதி நெறியின் தேவையை ஆற்றங்கரை ஊரார் நன்கு உணர்வர். மடிக்கணினியும், அதன் படி அடங்கிய வன்தட்டும் ஒரே அலமாரியில் இருந்தால், வெள்ளம் இரண்டையும் ஒருசேர நனைத்துவிடும். வெளியூர் உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒரு படி இருப்பது காப்பாகும். இந்திய அரசு 2015ஆம் ஆண்டு தொடங்கிய 'டிஜிலாக்கர்' சேவையின் வழியாகக் கல்விச் சான்றுகளை எங்கிருந்தும் பெறலாம்.

தொடங்காத மடிக்கணினி ஊமையன்று. எரியாத விளக்கு, இருண்ட திரை, 'டக்' என்னும் ஒலி, நீலத்திரையின் செய்தி ஆகிய ஒவ்வொன்றும், தான் நின்ற இடத்தை அது அறிவிக்கும் குறிப்பே. அக்குறிப்பைக் கேட்பவர், வாய்க்கால் கரையில் நடக்கும் உழவரைப் போல அடைப்பு இருக்கும் இடத்திற்கே சென்று சேர்வர். கேளாதவர் நல்ல உறுப்புகளையும் மாற்றிப் பொருளை இழப்பர். மின்னேற்றியில் தொடங்கி இயக்க அமைப்பு வரை ஒவ்வொரு நிலையாகக் கடந்து செல்லும் இப்பழக்கம், நாளை வேறெந்தக் கருவி பழுதுற்றாலும் கைகொடுக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்திலுள்ள கணினி ஒன்று தொடங்கும்போது திரையில் தோன்றுவனவற்றை வரிசையாகக் குறித்து, அவை எந்தெந்த நிலையைச் சார்ந்தவை என வகைப்படுத்துக.

2. மின்விசிறி, மிதிவண்டி, நீரேற்றும் இயந்திரம் ஆகியவற்றுள் ஒன்று இயங்காதபோது பழுதைக் கண்டறியும் படிநிலைகளை எழுதி வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் பகுதியிலுள்ள பழுதுநீக்குநர் ஒருவரைக் கண்டு, மழைக்காலத்தில் மின்கருவிகளுக்கு ஏற்படும் சேதங்கள் பற்றி உரையாடி, ஒரு பக்க அளவில் அறிக்கை அணியமாக்குக.